படுகளத்தில் ஒரு சந்தேகம்

கதையில் ஓட்டை கண்டுபிடிப்பது நம்மவர்களுக்குப் பரம்பரையாக வந்த சொத்து. கோயில் மண்டபத்தில் ராமாயணப் பிரசங்கம் நடக்கிறது. பத்துப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தூணில் சாய்ந்திருக்கும் பதினோராவது ஆசாமி மட்டும், "அதெல்லாம் சரி, பதினாலு வருஷம் தூங்காத லட்சுமணன் ஊர் திரும்பியதும் எத்தனை நாள் தூங்கினானாம்?" என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பார். விடிய விடியக் கதை கேட்டுவிட்டு, சீதைக்கு ராமன் சித்தப்பா என்று சொன்னவனைப் பற்றி நாம் பழமொழியே கட்டி வைத்திருக்கிறோம். உண்மையில் பிரசங்கியார்கள் பயப்படுவது அவனைக் கண்டல்ல. ஒரு வார்த்தை விடாமல் கவனித்துக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறானே, அவனைக் கண்டுதான்.

அந்தப் பரம்பரைச் சொத்து இப்போது புதிய வாரிசுகளின் கைக்குப் போயிருக்கிறது. அவர்கள் மண்டபத்துக்கு வருவதில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கதை கேட்பதற்குப் பதிலாகக் கதைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் குரு என் அக்காள் மகன். ஒரு காலத்தில் மில் சங்கைக் கேட்டுப் பொழுது தெரிந்துகொண்ட எங்கள் கணபதியில், இவன் பொழுது விடிவதும் சாய்வதும் ஒரு கண்ணாடித் திரைக்குள்ளேதான். அவன் ஆடுவது சாதாரணச் சுடுகிற விளையாட்டல்ல. 'பாத்திரம் ஏற்கும் ஆட்டம்' என்று அதற்கு ஒரு தனி ஜாதி உண்டு. ஆடுகிறவன் ஒரு கதாபாத்திரமாகிறான். ஊர் ஊராகப் போகிறான், சண்டை போடுகிறான், கத்தி வாங்குகிறான், கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுகிறான். இதற்கு அறுபது எழுபது மணி நேரமாவது பிடிக்கும். நம் ஊர்த் தெருக்கூத்தும் தொடர்கதையும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் திரையும் கிடையாது, மின்சாரமும் வேண்டாம். ஒரு மேஜை, சில பகடைகள், நாலைந்து சிநேகிதர்கள் போதும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேஷம் ஏற்றுக்கொள்வார்கள். பகடை விழுகிறபடி கதை போகும். பிறகு கதை சொல்கிற வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. ஜப்பானில் 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது. அதன் வழியில் வந்த ஆட்டங்களில் அசட்டுத்தனங்களுக்குக் குறைவே இல்லை. தர்மத்தைக் காக்கப் புறப்பட்ட வீரன் கண்ட வீட்டிலெல்லாம் நுழைகிறான். வீட்டுக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து இருப்பதை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரர் கோபிப்பதும் இல்லை, போலீசுக்குப் போவதும் இல்லை. "எங்கள் ஊருக்கு வந்ததில் சந்தோஷம்" என்கிறார்!

என் மருமகனுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவனுக்குத் தாங்காத குறை வேறொன்று இருந்தது. ஜப்பானின் ஸ்கொயர் கம்பெனி 1997-ல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி' ஏழாவது கதையை அவன் ஆடி முடித்த சமயம். அதில் ஏரித் என்று ஒரு பெண், பூ விற்கிறவள். வெகு நல்ல பெண். கதையின் நடுவிலேயே செஃபிரோத் என்னும் கொடியவன் அவளை வாளால் குத்திக் கொன்றுவிடுகிறான். உலகம் பூராவும் அந்த இடத்தில் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்கள். இவனும் அழுதான். அழுது முடித்த பிறகு கேள்வி பிறந்தது.

"ஏனுங் மாமா, சண்டையில விழுந்தவங்களை எழுப்பறதுக்கு ஒரு இறகு இருக்குதுங்க. பீனிக்ஸ் பறவையோட இறகு. கடையிலேயே விக்குது. என் பையில தொண்ணூத்தொம்பது இருந்துச்சு. இதுவரைக்கும் அந்தப் பிள்ளையை நானே எத்தனையோ வாட்டி எழுப்பியிருக்கறேன். அன்னிக்கு மட்டும் ஏன் அந்த இறகை யாருமே எடுக்கலை?"

நியாயமான கேள்விதான். அவன் அதோடு நிற்கவில்லை. வானத்தில் உலகத்தையே அழிக்கும் விண்கல் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறதாம். அந்த நேரத்தில் நம் வீரர்கள் பெரிய கோழி மாதிரியான பறவைகளை வளர்த்துப் பந்தயம் விட்டுக்கொண்டிருக்கலாமாம். விண்கல் பொறுமையாகக் காத்திருக்குமாம். "கதை எழுதினவனுக்கு மூளையே இல்லீங்களா?" என்பது அவன் தீர்ப்பு.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எனக்குச் சிரிப்பும் வந்தது. இறந்தவர்களை எழுப்புகிற மருந்து கையில் இருக்கும்போது ஏன் சாகவிட்டார்கள் என்ற அந்தக் கேள்வி ஜப்பானிலோ அமெரிக்காவிலோ பிறந்ததல்ல. நம் கொங்கு நாட்டில், காங்கயத்துக்கும் கரூருக்கும் தாராபுரத்துக்கும் இடையே, எத்தனையோ தலைமுறையாக உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே கேட்கப்பட்டு வருகிற கேள்வி அது.

அண்ணன்மார் கதையைத்தான் சொல்கிறேன். பொன்னர் சங்கர் கதை என்றால் மற்ற ஜில்லாக்காரர்களுக்கும் தெரியும். கொங்கு நாட்டில் அண்ணமார் கோயில் இல்லாத வட்டாரம் அபூர்வம். உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள் இரவு இரவாக இந்தக் கதையைப் பாடுவார்கள். 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் இதை ஒலிப்பதிவு செய்தார்; கதை முடிய 18 இரவுகள் பிடித்தன. மேலை நாட்டுப் பிள்ளைகள் அறுபது மணி நேர ஆட்டம் என்று பெருமை அடித்துக்கொள்ளும்போது, இதை நினைத்துக்கொண்டு நான் சும்மா இருந்துவிடுவேன்.

கதை ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் மாறும். மொத்தத்தில் போக்கு இதுதான். குன்னுடையாக் கவுண்டர் என்று ஒரு வெள்ளைச் சோளம். சூதுவாது தெரியாதவர். பங்காளிகள் அவரை ஏய்க்க விதைத் தானியத்தை வறுத்துக் கொடுத்தார்கள் என்றும், அந்த வறுத்த விதையும் முளைத்துவிட்டது என்றும் பாடுவார்கள். கேட்கிறவர்கள் அத்தனை பேரும் குடியானவர்கள். வறுத்த விதை முளைக்காது என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அவர்கள் ஆட்சேபிப்பதில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள்.

குன்னுடையாரின் மனைவி தாமரை. வெகு காலம் பிள்ளையில்லாமல் தவம் கிடந்து அவள் பெற்ற பிள்ளைகள்தான் பொன்னரும் சங்கரும், தங்கை தங்காளும். அண்ணன்மாருக்கு ஆயுள் பதினாறு வருஷம் என்பது வரத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பங்காளிகளின் சூழ்ச்சிக்குத் தப்பி முதல் ஐந்து வயது வரை மறைவில் வளர்கிறார்கள். மிச்சம் பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்தில் பங்காளிகளைப் பழி தீர்த்து, பூமியை மீட்டு, கல்யாணம் செய்துகொண்டு, நாட்டை ஆண்டு, பன்றி வேட்டையாடி, யுத்தமும் செய்துவிடுகிறார்கள். கணக்குப் பிள்ளை யாராவது உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் நாலாவது இரவு சொன்ன வயதைப் பதினாலாவது இரவு ஞாபகம் வைத்திருப்பவர் யார்? விண்கல் காத்திருக்கும்போது கோழிப் பந்தயம் நடப்பதும் இந்த ரகத்தைச் சேர்ந்த ஓட்டைதான். நீண்ட கதை கிழிசல் இல்லாமல் இராது. இந்த ஓட்டைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அவை கதைசொல்லியின் களைப்பு, மன்னித்துவிடலாம்.

கதை சூடுபிடிப்பது ஒரு கிளியினால். தங்காளுக்குக் காட்டிலுள்ள கிளிகள் வேண்டுமென்று ஆசை வருகிறது. அந்தக் காடு வேட்டுவர்களுடையது. அண்ணன்மாரின் ஆள் சாம்புவன் போகிறான். ஒரு கிளி அகப்படுகிறது, துணைக்கிளி தப்பிக் காட்டிலே புலம்புகிறது. அதைக் கேட்டு மனம் கொதித்த வேட்டுவ குலத்துப் பெண் கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை ஏவிவிடுகிறாள். பன்றி வந்து வயலையெல்லாம் உழுது நாசம் செய்கிறது. அண்ணன்மார் பெரிய பரிவாரத்தோடு வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். ஆனால் பொன்னாச்சி என்ற குட்டி நாயை அழைக்க மறந்துவிடுகிறார்கள். நாய்க்குக் கோபம். கடைசியில் அத்தனை வீரர்களாலும் ஆகாத காரியத்தை அந்த நாய்தான் முடித்துவைக்கிறது. பன்றியை அது எங்கே கடித்தது என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது; பாட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்!

பன்றி செத்ததும் வேட்டுவர் படையோடு போர் மூள்கிறது. அண்ணன்மாரைத் தொட்டில் முதல் காத்துவந்த மாயவரே இப்போது ஆயுள் முடிந்தது என்று அறிவிக்கிறார். சங்கர் தன் வாளின்மேல் தானே விழுகிறான். தம்பி போன பிறகு பொன்னரும் அப்படியே. சாம்புவனும் மிஞ்சவில்லை. அண்ணன்மார் விழுந்த இடம் தேடித் தங்காள் காடெல்லாம் அலைகிறாள். பெரியகாண்டியம்மன் துணையால் களத்தைக் கண்டுபிடித்து, தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்பிவிடுகிறாள்.

கதை சுபமாக முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எழுந்த அண்ணன்மார் தங்கையோடு சிறிது நேரம் பேசுகிறார்கள். பேசிவிட்டு, மறுபடியும் இறந்துபோகிறார்கள்.

இதுதான் நான் சொன்ன பெரிய ஓட்டை. எழுப்பத்தான் முடிந்ததே, பிறகு ஏன் சாகவேண்டும்? மறுபடி ஒரு கை தீர்த்தம் தெளித்தால் என்ன? என் மருமகனின் பீனிக்ஸ் இறகு தங்காளின் கையிலேயே இருக்கிறதே!

இந்த ஓட்டை வெறும் பாட்டோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கொங்கு நாட்டார் அதை நடித்தே பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் படுகளம். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசி மாதத் திருவிழாவில் இது வெகு பிரசித்தம். சிறிய அளவில் எத்தனையோ கிராமங்களில் நடக்கிறது. உடுக்கையும் பாட்டும் உச்சத்துக்கு ஏறும்போது, கூட்டத்தில் நிற்கிற வாலிபர்கள் சிலர் அருள் வந்து மரம் சாய்வதுபோல் சாய்ந்துவிடுவார்கள். அவர்கள் கூத்தாடிகள் அல்ல. அரிதாரம் கிடையாது, சம்பளம் கிடையாது. காலையில் தறி ஓட்டினவன், வயலுக்குத் தண்ணீர் கட்டினவன், பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவன். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். பக்கத்தில் தாய்மார் உட்கார்ந்து நிஜமாகவே அழுவார்கள். பிறகு தங்காளாக நிற்கும் பெண் வந்து தீர்த்தம் தெளிப்பாள். ஒவ்வொருவராகக் கண் விழிப்பார்கள். உலகத்திலுள்ள பாத்திரமேற்கும் ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டென்றால், அது இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு படுகளம் பார்க்கப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவியும் அவள் பேரனும். பையனுக்கு எட்டு வயது இருக்கும்.

"ஆத்தா, தண்ணி தெளிச்சா எந்திரிச்சுக்கறாங்களே, அப்பறம் எதுக்குச் சாகோணும்?" என்றான் பையன்.

கிழவி களத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்: "அப்புனு, எழுப்பறது அவியளுக்காகன்னா நெனைச்சே? அவளுக்காகடா. கூடப் பொறந்தவிய சொல்லிக்காமப் போயிட்டா, அவ எப்படிப் பொழைப்பா?"

நான் அதுவரை இந்தக் கதையைப் பற்றிப் படித்திருந்த புத்தகங்கள் அத்தனையும் அந்தக் கிழவியின் முன்னால் கைகட்டி நின்றன. வரத்தின் சட்டப்படி பதினாறு வயதில் சாகத்தான் வேண்டும். அது கதையின் நியாயம். பிரிகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பிரியவேண்டும். அது கேட்கிறவர்களின் நியாயம். இரண்டு நியாயமும் ஒன்றோடொன்று மோதுகிற இடத்தில் கதை கிழிகிறது. பாடகர் அதைத் தைக்கவில்லை. தைக்கத் தெரியாமலும் இல்லை. அந்தக் கிழிசல் வழியாகத்தான் ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை எடுத்துக்கொண்டு கதைக்குள் வருகிறார்கள். சொல்லிக்கொள்ளாமல் போன தகப்பன், காய்ச்சலில் ஒரே நாளில் போன பிள்ளை, எல்லாரும் அந்த வெள்ளைத் துணிக்கடியில் ஒரு கணம் எழுந்து உட்காருகிறார்கள்.

ஊர் திரும்பியதும் இதை என் மருமகனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு தகவல் சொன்னான். அந்த ஏரித் செத்த பிறகு, அவளை எழுப்புவதற்கு ஆட்டத்துக்குள் எங்கோ ரகசிய வழி இருக்கிறது என்று உலகம் பூராவும் வதந்தி பரவிற்றாம். இந்தக் குகையில் இந்தப் பொருளை வைத்தால் எழுவாள், அந்த மலையில் இத்தனை சண்டை ஜயித்தால் எழுவாள் என்று பிள்ளைகள் வருஷக்கணக்கில் தேடினார்களாம். அப்படி ஒரு வழியே அதில் கிடையாது. எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. அவர்கள் தேடியது ஓட்டையை அடைக்கிற வழியை அல்ல, படுகளத்தைத் தேடியிருக்கிறார்கள். ஆட்டத்தை இயற்றியவர்கள் மரணத்தைக் கொடுத்தார்கள், விடைபெற ஒரு நாழிகை கொடுக்கவில்லை.

ஆகவே எல்லா ஓட்டையும் நல்ல ஓட்டை என்று முடித்துவிடலாமா? முடித்துவிட்டால் எனக்கும் சௌகரியம். கதாசிரியர்கள் எல்லாருக்கும் சௌகரியம். ஆனால் இந்தக் கதையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி மண்டபத்தில் யாரும் சந்தேகம் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு கிளிக்காகவா இத்தனை ரத்தம்? இதுதான் அந்த ஓட்டை. இதைக் கேட்கிறவர்கள் அசட்டுத்தனம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காட்டில் பிடித்த ஒரு கிளிக்காக ஒரு பெண் வெகுண்டாளாம். அதற்காகப் பன்றியை ஏவினாளாம். அதற்காகப் படை திரண்டதாம். ஆட்டக்கதைகளில்கூட இவ்வளவு சில்லறைக் காரணத்துக்கு யுத்தம் வராது.

ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள். கொங்கு நாட்டிலும் அதை அடுத்த தர்மபுரிப் பக்கத்திலும் பன்றிக்குத்திக் கல் என்று ஒரு வகை நடுகல் உண்டு. ஈட்டியும் கையுமாக ஒரு வீரன், அவன்மேல் பாயும் காட்டுப்பன்றி. விளைந்த பயிரைக் காக்கப்போய்ப் பன்றியிடம் உயிர்விட்டவனுக்கு ஊரார் நட்ட கல் அது. பன்றிக்கு உயிர் கொடுத்தவன் எங்கள் வீரன் என்று கல்லில் செதுக்கி வைக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வாழையோ மக்காச்சோளமோ போட்டிருக்கிற விவசாயியிடம் போய்க் காட்டுப்பன்றி ஒரு வேடிக்கைப் பிராணி என்று சொல்லிப் பாருங்கள். காடு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்ற வழக்கில் காட்டின் தரப்பு வக்கீல் பன்றிதான்.

அப்படியானால் கிளி? கிளியும் அப்படித்தான். குடியானவனுக்குக் கிளி என்பது சோளக்கதிரைக் கொத்த வருகிற எதிரி; அல்லது கூண்டில் வைத்துக் கொஞ்சுகிற அழகு. காட்டில் வாழ்கிறவனுக்கு அது தன் காட்டின் உயிர். அந்தக் காட்டிலிருந்து, கேட்காமல், ஒரு ஜோடியைப் பிரித்து எடுத்துக்கொண்டு வருவது என்ன காரியம்? கலப்பை பிடித்தவர்கள் காட்டை வெட்டி வயலாக்கிக்கொண்டே வந்த நாட்களில், இன்று ஒரு கிளி, நாளை ஒரு மரம், மறுநாள் ஒரு மலைச்சரிவு என்றுதான் அந்த வழக்கு நடந்திருக்கும். வேட்டுவப் பெண் கிளிக்காகச் சண்டை போடவில்லை. எத்தனையோ இழந்தவர்களுக்குக் கடைசியாகப் பொறுமை எல்லை மீறிய பொருள் கிளியாக இருந்தது, அவ்வளவுதான்.

கதை அந்த எத்தனையோவைச் சொல்வதில்லை. ஏனென்றால் கதையைப் பாடச் சொல்லி நெல் அளந்தவர்கள் கலப்பைக்காரர்கள். பாடகர் பொய் சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவில்லை. வாக்குமூலத்தை எடுத்துவிட்ட இடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளம்தான் நமக்கு 'ஒரு கிளிக்காகவா!' என்று அசட்டுத்தனமாகத் தெரிகிறது.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் இன்னும் சில பள்ளங்கள் தட்டுப்படும. அண்ணன்மாருக்கு மனைவியர் உண்டு. கல்யாணமான நாள் முதல் தனி மாளிகையில் அடைத்து வைக்கப்பட்டார்கள், அண்ணன்மார் மாண்ட பிறகு அந்த மாளிகையோடு தீக்கு இரையானார்கள் என்று பாடுகிறார்கள். தங்கையின் புலம்பலுக்கு இரவு இரவாக இடம் கொடுத்த கதையில், இந்த இரண்டு பெண்களும் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இடமில்லை. சாம்புவன் கிளி பிடித்தான், காவல் காத்தான், களத்தில் உயிரையும் விட்டான்; அவன் வீட்டில் அழுதவர்கள் யார் என்று கதைக்குத் தெரியாது.

பழைய கதை அச்சுக்கு வரும்போதுதான் இந்த ஓட்டைகளுக்கு ஆபத்து. கவிஞர் சக்திக்கனல் 1971-ல் அண்ணன்மார் சுவாமி கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிரெண்டா பெக் தம்முடைய ஆராய்ச்சியை 1982-ல் வெளியிட்டார். 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாகக் கதை தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். ஊரார் முன்னிலையில் பாடியதையும் பதிவு செய்தார், அதே பாடகர் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொன்னதையும் வாங்கிவைத்தார். ஒரே வாய், ஒரே கதை. ஆனாலும் இரண்டும் ஒன்றாக இல்லை. எதிரே ஜனங்கள் உட்கார்ந்திருந்தால் கதைக்கு ஓர் உருவம், காகிதம் மட்டும் இருந்தால் வேறோர் உருவம். இதை அறிந்தவர்கள் பழைய கதையைத் தொடும்போது கொஞ்சம் தயங்குவார்கள்.

நாவலாசிரியர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் அந்தத் தயக்கம் கட்டுப்படியாகாது. கலைஞர் கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று இதை வரலாற்று நாவலாக எழுதினார். அதைத் தழுவி தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேஷத்தில் நடித்து, 2011-ல் படம் வந்தது. உடுக்கைப் பாட்டு நாவலாகவும் படமாகவும் மாறும்போது, மாயவரின் மாயத்துக்கு இடம் குறைகிறது. மனிதர்களின் சூழ்ச்சிக்கு இடம் கூடுகிறது. காரண காரியம் பிசகக்கூடாது அல்லவா? நானும் கதை எழுதுகிறவன்தான். இந்தத் தேவை எனக்குப் புரிகிறது. வாசகர்கள் 'ஒரு கிளிக்காகவா?' என்று கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில், எந்த எழுத்தாளன் கையும் ஒரு வில்லனைத் தேடித்தான் போகும். பேராசை பிடித்த ஒரு வில்லனை நட்டுவிட்டால் ஓட்டை அடைந்துவிடும். கதை ஒழுகாது.

ஆனால் நஷ்டம் ஒன்று இருக்கிறது. பள்ளம் பள்ளமாகவே இருந்தவரை, யாராவது ஒருவன் ஒருநாள் குனிந்து பார்த்து, 'இங்கே என்னவோ புதைந்திருக்கிறது' என்று சொல்ல வழி இருந்தது. வில்லனைக் கொண்டு மேவிச் சிமெண்டு பூசிவிட்டால், அந்தக் கேள்வியே பிறக்காது. கதையில் வருகிற வேட்டுவரின் பெயரைத் தாங்கியவர்கள் இன்றும் இதே ஜில்லாக்களில் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். அவர்களும் பண்ணையம் பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறார்கள். கதையின் ஓட்டையை எதைக் கொண்டு அடைக்கிறோம் என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளை வகுப்பில் எந்த முகத்தோடு உட்காருகிறான் என்பதையும் தொட்டது.

ஆகையால் கதையில் ஓட்டை கண்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சிரிக்க வேண்டிய ஓட்டை என்றால் சிரித்துவிடுங்கள். வறுத்த விதை முளைத்துவிட்டுப் போகட்டும். அழவேண்டிய ஓட்டை என்றால் அந்தக் கிழவியைப் போலச் சும்மா இருந்து அழுங்கள். ஆனால் ஒரு கூட்டத்தாருக்குக் காரணமே இல்லாமல் கோபம் வருகிறது என்று ஒரு கதை சொல்லுமானால், அங்கே மட்டும் சற்று நில்லுங்கள். கதைகளில் மனிதர்களுக்குக் காரணமில்லாமல் கோபம் வருவதில்லை. காரணத்தை யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் பார்த்த படுகளங்களில் விழுந்து எழுந்தவர்கள் எல்லாரும் அண்ணன்மார் பக்கத்தார். போரில் மறுபக்கத்திலும் எத்தனையோ பேர் விழுந்திருக்கவேண்டும். அவர்களுக்கும் தங்கைகள் இருந்திருப்பார்கள். அவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் போயிருப்பார்கள். அவர்கள்மேல் தீர்த்தம் தெளிக்க இன்னும் ஒருவரும் வரவில்லை.